டிஸ்க் ஒரு வண்டியது, கேலிப்பர் வேறு வண்டியது: பிரேக் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பிரேக் பெடல் சரியில்லை என்றதும் எல்லோரும் முதலில் செய்வது ஏர் எடுப்பது, அதாவது ஆயில் லைனில் ஏறிய காற்றை வெளியேற்றுவதுதான். நானும் அதையே செய்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, ஒரு லிட்டர் டாட் 4 பிரேக் ஆயில் போனது. மச்சான் உட்கார்ந்து மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது என்றார். நான்கு முறை ஏர் எடுத்த பிறகும் பெடல் அப்படியே இருந்தது. லைனில் ஏரே இல்லை. கோளாறு, டிஸ்க்கும் வீலும் மாட்டுகிற ஹப்பின் முகத்தில் இருந்தது.

கம்பெனி வண்டியில் வீலோடு சுற்றும் டிஸ்க், பேடுகளால் அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர், ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், பெடல் எல்லாம் ஒரே கணக்கில் செய்தவை. அங்கே கோளாறு வந்தால் ஏதோ தேய்ந்திருக்கும், அல்லது ஏர் ஏறியிருக்கும். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்த சாமான்களை வைத்து நாமே கட்டிய வண்டியில் அப்படி இல்லை. எல்லாம் நல்ல சாமானாகவே இருந்தாலும் ஒன்றின் அளவு இன்னொன்றோடு சேராமல் இருக்கும். அதனால் ஸ்பேனருக்கு முன்னால் வெர்னியரை எடுக்க வேண்டும்.

என் வண்டி குழாய் சட்டத்தில் கட்டிய இரண்டு சீட்டர், கோவையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் செய்தது. டிராக்கில் மட்டும்தான் ஓடும். முன்னால் ஒரு சின்ன காரின் நக்கிள் (ஹப்பைத் தாங்கும் பாகம்), அதைவிடப் பெரிய காரின் டிஸ்க், நான்கு பிஸ்டன் உள்ள ஃபிக்ஸட் கேலிப்பர். பின்னால் ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்த ஸ்லைடிங் கேலிப்பர். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. கீழே வரும் கணக்குகள் இதை வைத்துத்தான். ரோட்டில் ஓடும் பதிவான வண்டியில் இந்த வேலை வேண்டாம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இடம் தருவதில்லை.

தேவையானவை: வெர்னியர், காந்த அடி வைத்த டயல் கேஜ், மார்க்கர் பேனா, ஏர் வெளியேற்றும் பிளீடர் நிப்பிளில் மாட்ட, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடக் கூடாது. பழைய பேடின் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முதல் மிதி ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதியில் கெட்டியாகிறது

கலவைச் சாமான் பிரேக்கில் அதிகம் வருவதும், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். ஏர் இருந்தால் இரண்டாவது மிதியிலும் கொஞ்சம் நெகிழ்வு மிச்சம் இருக்கும். இரண்டாவது மிதி நன்றாகக் கல் மாதிரி நின்றால் ஏரைச் சந்தேகிக்காதீர்கள். பேடுகள் டிஸ்க்கை விட்டு விலகிப் போயிருக்கின்றன. முதல் மிதி முழுக்க அந்த இடைவெளியை மூடுவதற்கே செலவாகிறது.

எவ்வளவு விலகினால் எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 38 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 1134 சதுர மி.மீ. முன்னால் இரண்டு கேலிப்பரிலும் சேர்த்து எட்டு பிஸ்டன். ஒவ்வொன்றும் வெறும் 0.3 மி.மீ. பின்வாங்கினால் 2.7 சி.சி. ஆயில் கூடுதலாகத் தள்ள வேண்டும். முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரில் அது 9.5 மி.மீ. ஓட்டம். பெடல் விகிதம் (நெம்புகோலின் பெருக்கம்) ஐந்துக்கு ஒன்று என்றால் காலுக்குக் கீழே 48 மி.மீ. சில முடிகளின் கனமே உள்ள இடைவெளி, பெடலில் மூன்று விரல் அகலமாக வந்து நிற்கிறது.

பேடைத் தள்ளிவிடுவது டிஸ்க்கின் ஆட்டம். ஸ்லைடிங் கேலிப்பர் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். ஃபிக்ஸட் கேலிப்பர் நகராது, பிஸ்டன்தான் உள்ளே போகும். அதனால் பழைய ஸ்லைடிங் கேலிப்பரில் தெரியாத ஆட்டம், புதிதாக நான்கு பிஸ்டன் மாட்டியதும் தெரியவரும். கேலிப்பரைக் குறை சொல்வோம். அதன் மேல் தப்பு இருக்காது.

டயல் கேஜைக் கேலிப்பர் பிராக்கெட்டில் பிடித்து, முள்ளை டிஸ்க்கின் வெளி ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள். வீல் நட்டுகளை வாஷர் அடுக்கி இறுக்கிய பிறகே அளக்க வேண்டும். வீல் இல்லாதபோது டிஸ்க் ஹப்பில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், அந்த அளவு எதற்கும் உதவாது. 0.05 மி.மீ.க்குள் இருந்தால் மிக நன்று. 0.1ஐத் தாண்டினால் சரிசெய்தே ஆக வேண்டும். எனக்கு இடது பக்கம் 0.28 காட்டியது. டிஸ்க்கைக் கழற்றி ஹப்பின் மேல் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஹப்பை அழகாக இருக்கட்டும் என்று பவுடர் கோட்டிங் கொடுத்திருந்தேன். டிஸ்க் உட்காரும் முகத்திலும் பூச்சு ஏறி, ஒரு பக்கம் தடித்திருந்தது. ஹப் முகத்தில் 0.15 மி.மீ. மேடு, டிஸ்க்கின் ஓரத்துக்குப் போகும்போது இரு மடங்குக்குக் கிட்ட ஆகிவிடுகிறது. பிளேடால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை துடைத்தேன். 0.06க்கு வந்தது. ஒரு சொட்டு ஆயில் மாற்றாமல் பெடல் மேலே வந்துவிட்டது. உட்காரும் முகங்களில் பெயின்ட், பூச்சு, துரு, பிசிறு எதுவும் கூடாது.

டிஸ்க் நேராக ஓடியும் வளைவில் திரும்பிய பிறகு மட்டும் பெடல் இறங்கினால் வீல் பேரிங்கை ஆட்டிப் பாருங்கள். பேரிங் தளர்வு, நக்கிளோ பிராக்கெட்டோ வளைவது இரண்டும் இதே வேலையைச் செய்யும்.

பின்னால் ஹேண்ட் பிரேக் சேர்ந்த கேலிப்பர் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. அதன் பிஸ்டனுக்குள் தானாகச் சரிசெய்துகொள்ளும் திருகு இருக்கிறது. பேட் மாற்றும்போது இதை சி கிளாம்ப் வைத்து அமுக்கக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மாட்டிய பிறகு கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, கேலிப்பரின் லீவரைக் கையால் பல முறை இழுத்து விடுங்கள். பேட் டிஸ்க்கை நெருங்கிய பிறகு கேபிளை மாட்டுங்கள். கேபிளை முதலிலேயே இறுக்கிவிட்டால் லீவர் முழுதாகப் பின்னால் வராது, உள்திருகும் வேலை செய்யாது.

எத்தனை முறை மிதித்தாலும் ஸ்பாஞ்ச் மாதிரி

இங்கே ஏர் இருக்கலாம். ஆனாலும் முதலில் கேலிப்பரை நின்று பாருங்கள். பிளீடர் நிப்பிள் மேலே இருக்கிறதா? வேறு வண்டியின் கேலிப்பரை ஆக்சிலுக்கு முன்னாலிருந்து பின்னால் மாற்றி வைக்கும்போது, வசதிக்காக இடதை இடதிலேயே மாட்டிவிடுவோம். நிப்பிள் கீழே போய்விடும். மேலே நிற்கும் ஏர் குமிழி எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வெளியே வராது. பக்கம் மாற்றி மாட்டுவதே தீர்வு. அதற்கு இடமில்லை என்றால், கேலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு கட்டையைச் செருகி, நிப்பிள் மேலே வருகிற மாதிரிப் பிடித்து ஏர் எடுத்த பிறகு மாட்டலாம்.

நிப்பிள் சரியான இடத்தில் இருந்தும் நெகிழ்வு போகவில்லை என்றால் ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கேலிப்பரையே பாருங்கள். பிராக்கெட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவே விரலை வைத்தால் அசைவு கையிலேயே தெரியும். 5 மி.மீ. தகட்டில் வெட்டிய பிராக்கெட் முறுக்கிக்கொள்ளும். நான் 10 மி.மீ. மைல்டு ஸ்டீலில் வெட்டி, 10.9 தர போல்ட் போட்டேன். போல்டின் மரை இல்லாத உடல்பகுதி பிராக்கெட்டின் துளைக்குள் நிற்க வேண்டும். மரைப் பகுதியில் வெட்டுவிசை விழக் கூடாது. வார்ப்பிரும்பு நக்கிளில் எதையும் வெல்டிங் வைத்து ஒட்டாதீர்கள்.

ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது உப்பினால் கையில் பிடித்தாலே தெரியும். மாற்றிவிடுங்கள்.

பெடல் கல் மாதிரி, வண்டி நிற்கவில்லை

ஓட்டுகிறவருக்கு பயம் தருவது இது. பட்டறையில் நின்றபடி மிதித்தால் “அருமையான பெடல்” என்று தோன்றும். காரணம் நெம்புகோல் கணக்கு.

பூஸ்டர் உள்ள காரின் பெடலை அப்படியே எடுத்துப் பூஸ்டர் இல்லாமல் மாட்டினால் விகிதம் போதாது. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு ஐந்துக்கு ஒன்றிலிருந்து ஆறுக்கு ஒன்று வரை வேண்டும். 400 நியூட்டன் விசையோடு மிதித்தால், ஐந்துக்கு ஒன்று பெடலில் மாஸ்டர் சிலிண்டருக்கு 2000 நியூட்டன் போகும். முக்கால் அங்குல சிலிண்டரில் அது 70 பார் அழுத்தம். அதே கால் 7/8 அங்குல சிலிண்டரில் 52 பார்தான் தரும். பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: பெடல் ஓட்டம் குறையும், பிடியும் குறையும்.

கேலிப்பரை ஒப்பிடும்போதும் ஒரு தப்பு நடக்கிறது. நான்கு பிஸ்டன் என்பதால் நான்கையும் கூட்டி, ஒற்றைப் பிஸ்டன் ஸ்லைடிங் கேலிப்பரோடு ஒப்பிடுகிறோம். ஃபிக்ஸட் கேலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும்தான் எண்ண வேண்டும். 38 மி.மீ. இரண்டு சேர்ந்தால் 2268 சதுர மி.மீ. ஒற்றை 54 மி.மீ. பிஸ்டன் 2290. ஆக, பிடியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. மாற்றினால் பேட் பரப்பு, எடை, சூடு தாங்குவது இவற்றில் லாபம் உண்டு. பிடி இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் பேடில் எண்ணெய் பட்டிருக்கிறதா, முகம் கண்ணாடி மாதிரி மெருகேறியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு டிஸ்க்கில் ஓடித் தேய்ந்த பழைய பேட், புது டிஸ்க்கில் மேடான இடங்களில் மட்டுமே தொடும். முழு முகமும் தொடும்வரை பிடி வராது.

பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது

வண்டியை நகர்த்தாதீர்கள். எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் சீல் போய்விட்டது.

கலவைச் சாமானில் முதல் சந்தேகம் மரை மேல். எம்10×1 துளைக்குள் 3/8 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை) நட்டு லேசாக உள்ளே போய்விடும். இறுக்கினால் இறுகிய மாதிரியும் இருக்கும். அழுத்தம் வந்தால் மரை பிய்ந்துகொள்ளும். எம்10×1.25 என்றால் இரண்டு மூன்று சுற்றிலேயே சிக்கும், அதைப் பலவந்தமாக ஏற்றினால் கேலிப்பரே போச்சு. பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். குழாய் முனையும் இரண்டு வகை: ஜப்பானிய வண்டிகளில் வருகிற இரட்டை மடிப்பு, ஐரோப்பிய வண்டிகளில் வருகிற குமிழ் முனை. ஒன்றின் இருக்கையில் மற்றொன்று சரியாக உட்காராது.

ஒழுக்கு பிஸ்டன் ஓரத்தில் என்றால் டிஸ்க் கனத்தைப் பாருங்கள். 22 மி.மீ. டிஸ்க்குக்குச் செய்த ஒற்றைப் பிஸ்டன் ஸ்லைடிங் கேலிப்பரில் 12 மி.மீ. டிஸ்க்கை விட்டால், புதுப் பேடிலேயே பிஸ்டன் 10 மி.மீ. கூடுதலாக வெளியே நிற்கும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் சீலை விட்டே வந்துவிடக்கூடும். பேடுக்குப் பின்னால் தகடு வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நான் வைக்க மாட்டேன். சரியான கனத்தில் டிஸ்க் தேடுங்கள். டிஸ்க்கின் ஓரத்திலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும், பழைய டிஸ்க் வாங்கும்போது அதையும் பாருங்கள்.

இன்னொன்று. பிரேக் சீல்களைப் பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் எதுவும் தொடக் கூடாது. ரப்பர் ஊதிவிடும். கழுவ பிரேக் ஆயிலே போதும்.

வீல் சுற்ற மறுக்கிறது, ஓடிய பிறகு டிஸ்க் கொதிக்கிறது

வீலைத் தூக்கி, பெடலை மிதித்துக் காலை எடுத்துவிட்டு, கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அந்த கேலிப்பரின் நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து வீல் உடனே விடுபட்டால் லைனில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டு மட்டும் வந்து வீல் இறுக்கமாகவே இருந்தால் கேலிப்பரில்தான் கோளாறு: பிஸ்டன் துரு, ஸ்லைடு பின் சிக்கல், அல்லது டிஸ்க்கின் நடுவே கேலிப்பர் உட்காராதது.

அழுத்தம் மாட்டியிருந்தால் நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து விட்டு, இந்த முறை மாஸ்டர் சிலிண்டரின் வெளிக்குழாய் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே திறந்ததும் வீல் விடுபட்டால் குற்றம் மாஸ்டர் பக்கம். புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறிதளவு ஆட்டம் இல்லையென்றால், ஆயில் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். சூடேற ஏற பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டே போகும். பின்னால் டிரம் பிரேக் இருந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கலாம். டிரம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ வேண்டும், டிஸ்க்குக்கு அது அதிகம். மாஸ்டர் பக்கம் திறந்தும் விடவில்லை, நிப்பிளில் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால் நடுவில் உள்ள ஹோஸ் உள்ளுக்குள் பிய்ந்து ஒருவழி வால்வு மாதிரி வேலை செய்கிறது.

கேலிப்பர் நடுவே இருக்கிறதா என்று பார்க்க, பேடுகளைக் கழற்றிவிட்டு டிஸ்க்குக்கும் கேலிப்பர் உடலுக்கும் இரண்டு பக்க இடைவெளியையும் வெர்னியரால் அளங்கள். என் வலது பக்கம் 1.5 மி.மீ. வித்தியாசம். கோவை கணபதியில் ஒரு லேத்தில் கொடுத்து ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வெட்டி வாங்கினேன். கடை வாஷரை அடுக்கி வைத்தால் அது அமுங்கி, போல்ட் தளர்ந்துவிடும்.

பெடலும் ஸ்டீயரிங்கும் அதிர்கின்றன

டிஸ்க் ஆட்டத்தை மேலே சொன்னபடி பாருங்கள். ஆட்டம் இல்லையென்றால் கனத்தை மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் அளங்கள். 0.02 மி.மீ. வேறுபாடே காலுக்குத் தெரியும். டிஸ்க்கின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் டிஸ்க் மையம் விலகி உட்காரும். லேத்தில் ஒரு வளையம் கடைந்து போடுங்கள். 4×100, 4×114.3 என்று பி.சி.டி. (வீல் போல்ட் வட்டத்தின் விட்டம்) வேறானால் துளையை நீளமாக்கிச் சரிக்கட்டுவது ஒருபோதும் வேண்டாம்.

சத்தம்

வேகத்தோடு கூடும் டிக் டிக் என்றால் ரிம்முக்குள் ஒட்டிய பேலன்ஸ் எடை கேலிப்பரில் உரசுகிறது. கேலிப்பருக்கும் ரிம்முக்கும் 3 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். கீச்சென்ற சத்தத்துக்கு பேடின் முனையைச் சரித்துத் தேய்த்து, பின்தகட்டில் பிரேக்குக்கென்றே உள்ள சூடு தாங்கும் கிரீஸ் மெலிதாகப் பூசினால் போதும்.

பேட் ஒரு பக்கமாகத் தேய்கிறது

பேடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். மேல் விளிம்பில் தேயாத வரப்பு நின்றால் கேலிப்பர் வெளியே தள்ளி உட்கார்ந்திருக்கிறது, பேட் டிஸ்க்கைத் தாண்டித் தொங்குகிறது. இரண்டு பேடிலும் அந்த வரப்பு வளர்ந்து டிஸ்க்குக்கு மேலே ஒன்றையொன்று தொட்டால், அப்புறம் பேட் டிஸ்க்கை அழுத்தவே அழுத்தாது. டிஸ்க்கின் வெளி ஓரத்தில் துருப்பிடித்த வளையம் தெரிந்தால் கேலிப்பர் உள்ளே தள்ளியிருக்கிறது. இதை முன்கூட்டியே பார்க்க டிஸ்க் முழுக்க மார்க்கரால் கோடு போட்டு, லேசாக மிதித்தபடி வீலைப் பத்து சுற்று சுற்றுங்கள். அழிந்த பட்டை பேடின் இடத்தைக் காட்டிவிடும். ஆப்பு மாதிரி சாய்வாகத் தேய்ந்தால் பிராக்கெட் வளைகிறது, அல்லது டிஸ்க்குக்கு இணையாக இல்லை.

பின்வீல் முதலில் லாக் ஆகிறது

இதை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுகூட ஓட்டாதீர்கள், வண்டி சுழன்றுவிடும்.

என் வண்டியில் எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி. வீல்பேஸ் 2.3 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 0.45 மீட்டர். 0.9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 மடங்கு) வேகக்குறைப்பில் நிறுத்தும்போது 17.6 சதவீத எடை முன்னால் சாய்கிறது. ஆக முன்பக்கத்துக்கு 68 சதவீதப் பிரேக் வேண்டும். ஒரே அளவு டிஸ்க், ஒரே பேட், ஒரே அழுத்தம் என்று வைத்தால், முன்னால் 2268, பின்னால் 34 மி.மீ. பிஸ்டனின் 908. முன்பங்கு 71. முன்வீல் முதலில் லாக் ஆகும், சரி. அதே இடத்தில் 38 மி.மீ. பிஸ்டன் உள்ள பின் கேலிப்பரை மாட்டினால் முன்பங்கு 67க்கு இறங்கி, பின்வீல் முந்திக்கொள்ளும். நான்கு மி.மீ.யில் வண்டியின் குணமே மாறுகிறது. பிடிப்பு அதிகமுள்ள டயர் போட்டாலும் இதே கதை: 1.2 ஜி வந்தால் 73.5 வேண்டும், 71 போதாது. டயர் மாற்றிய நாளில் பேலன்ஸை மறுபடி பாருங்கள்.

சரிசெய்ய, இரண்டு மாஸ்டர் சிலிண்டரும், அவற்றுக்கு மிதி விசையைப் பங்கிடும் பேலன்ஸ் பாரும் இருந்தால் அந்தப் பாரைத் திருகினால் போதும். இல்லையென்றால் பின் லைனில் மட்டும் அழுத்தம் குறைக்கும் வால்வு. ஆனால் முன்வீல் இழுக்கும் கார்களில் பலவற்றின் மாஸ்டர் சிலிண்டர் குறுக்காகப் பிரித்தது: இடது முன்னும் வலது பின்னும் ஒரு லைன். அதில் ஒற்றை வால்வு வைக்க வழியில்லை. குழாயை முன், பின் என்று பிரித்து மறுபடி போடுங்கள்.

கோவையில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் கல்லூரி அணிகள் நான்கு வீலையும் லாக் செய்து காட்டினால்தான் பந்தயத்துக்கு விடுகிறார்கள். நல்ல சோதனை. நாமும் செய்யலாம். காலியான இடத்தில் 30 கி.மீ. வேகத்திலிருந்து ஒருவர் அழுத்தி மிதிக்க, ஒருவர் தள்ளி நின்று செல்போனில் படம் பிடிக்க வேண்டும். அந்தப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எந்த வீல் முதலில் நின்றது என்று தெரியும். முன்வீல்கள் ஒரு கணம் முந்தி நிற்க வேண்டும். பிறகு 60லிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல் பத்து முறை மிதித்துப் பேடைப் பழக்கி, ஆற விடுங்கள். ஆறியதும் வீலைக் கழற்றி, கேலிப்பர் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் ஒரு முறை சரிபார்த்து, பேடின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.